காற்று அடங்கிய குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளைப் பாய்ப்படகில் ஏற்றலாமா?

இருகுட்டி_அம்மா எழுதியது:

வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சுட்டு இருக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. மகளுக்கு எட்டு வயசு, மகனுக்கு அஞ்சு. நானும் கணவரும் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பாய்ப்படகு ஓட்டுறோம். எங்ககிட்ட இருக்கிறது ஆறு மீட்டர் நீளத்துல ஒரு பழைய படகு. ரெண்டு பாய், குனிஞ்சு நுழையிற மாதிரி சின்னதா ஒரு அறை.

போன கோடையில ரெண்டு பேரையும் முதல் தடவையா கூட்டிட்டுப் போனோம். காலையில காற்று இதமாத்தான் இருந்துச்சு. மதியம் ரெண்டு மணிக்கு மேல கடல்காற்று ஏறிடுச்சு, திரும்பி வர்றதுக்கு எதிர்காற்றுல ஏறணும். படகு சாய்ஞ்சதும் மகன் என் காலைக் கட்டிப் பிடிச்சவன் கரை சேர்ற வரைக்கும் விடல. இப்போ படகுன்னு பேச்சு எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிறான். மகள் பயப்படல. ஆனா வீட்டுக்கு வந்ததும், "எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லம்மா, சும்மா உக்காந்திருந்தேன்"னு சொன்னா. மகனோட பயத்தைவிட அதுதான் என்னை அதிகமா உறுத்துது.

இப்போ குளிர்காலம். எங்க பக்கத்துல இந்த மாசங்கள்ல மழை நாளை விட்டுட்டா காற்று நல்லா அடங்கிடும், தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். மறுபடி ஆரம்பிக்க இதுதான் நேரம்னு கணவர் சொல்றார். குளிர்ல பிள்ளைங்களை வெளிய எடுக்கவான்னு எனக்குத் தயக்கம். செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

நீலப்பாய் எழுதியது:

சகோதரி, கூட்டிப் போங்கள். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கோடையில் பயந்த பிள்ளைகள் பலர் குளிர்காலத்தில்தான் என்னிடம் திரும்பி வந்தார்கள்.

பெரியவர்கள் எல்லோரும் பிள்ளை அலைக்குப் பயப்படுகிறது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அலை இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் சத்தம். பலத்த காற்றில் கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், கப்பிகள் தட்டும், அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச முடியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கத்தல் சண்டையாகத்தான் காதில் விழும். ஏதோ தவறு நடந்துவிட்டது, அம்மாவே பயந்துவிட்டாள் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. மெல்லிய காற்றில் இந்தச் சத்தம் எதுவும் கிடையாது. வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசலாம்.

காற்றின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் வீசும் காற்று 10 ஆனால் பாயின் மேல் விழும் தள்ளு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 15 ஆனால் ஒன்பது மடங்கு. கோடை மதியத்தில் உங்கள் மகன் சந்தித்தது காலையில் பார்த்த அதே படகை அல்ல.

நான் முதல் நாள் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான்: படகை நிறுத்துவது. பாய்க்கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பேன். "இழு" என்றால் இழுக்கும், படகு நகரும். "விடு" என்றால் விடும். பாய் காற்றோடு போய்த் தொங்கும், படகு தானாகவே ஓய்ந்து நிற்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய விடுவேன். தன் விரலைத் திறந்தால் இந்தப் பெரிய சாமான் நின்றுவிடுகிறது என்று கை அறிந்துகொண்ட பிள்ளைக்கு அதன்பிறகு பாதிப் பயம் கிடையாது. இதை 15 கடல் மைல் காற்றில் சொல்லித் தர முடியாது. அங்கே கயிற்றை விட்டால் பாய் அடிக்கிற அடியில் பிள்ளை இன்னும் மிரளும். காற்று அடங்கிய காலத்தின் அருமை இதில்தான் இருக்கிறது.

கயிற்றை எங்கேயும் கட்டிவைக்க வேண்டாம். கையிலேயே இருக்கட்டும்.

கரைக்காவல் எழுதியது:

நீலப்பாய் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா இந்த இழையை வாசிச்சுட்டு யாராவது நாளைக்கே கிளம்புறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். பத்து வருஷமா மீட்புப் படகுல தன்னார்வலரா இருக்கேன்.

குளிர்காலத்துல காற்று சாதுவா இருக்கும். தண்ணி அப்படி இல்ல. கோடையில ஒரு பிள்ளை தவறி விழுந்தா நனைஞ்சுட்டு சிரிச்சுக்கிட்டு ஏறி வரும். அதே பிள்ளை 12 டிகிரி தண்ணியில விழுந்தா கதை வேற. தண்ணி உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உறிஞ்சும். விழுந்த நொடியில மூச்சு தானா உள்ளே இழுபடும். முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது அந்த இழுப்பு வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

கனடாவுல குளிர் உடம்பை என்ன செய்யுதுன்னு ஆராய்ச்சி செய்யிற பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1, 10, 1னு மனசுல நிக்கிற மாதிரி சொல்வார். மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர 1 நிமிஷம். கை கால் சொன்னபடி கேக்கிறது 10 நிமிஷம். குளிர்ல நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். இது உறைபனிக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணியில பெரிய ஆளுக்கான கணக்கு. பிள்ளைங்களுக்கு உடம்பு எடை குறைவு, அந்த எடைக்குத் தோல் பரப்பு அதிகம். அதனால சீக்கிரமே சூடு இறங்கிடும். அதை வச்சுத்தான் எல்லா முடிவும் எடுக்கணும்.

எனக்குன்னு நான் வச்சிருக்கிற பழக்கம் இது. உடுப்பு காற்றைப் பார்த்துப் போடக் கூடாது, தண்ணியைப் பார்த்துப் போடணும். வெயில் அடிச்சாலும் சரி. இன்னொண்ணு, பிள்ளை விழுந்தா எத்தனை நிமிஷத்துல தூக்குவீங்க, யார் தூக்குவாங்க, யார் படகைத் திருப்புவாங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கணவரும் நீங்களும் பேசிக்கணும். பேசினா மட்டும் பத்தாது, உடுப்பெல்லாம் போட்ட ஒரு ஆளோட எடையில ஒரு மூட்டையைத் தண்ணியில போட்டு தூக்கிப் பாருங்க. நனைஞ்ச பிள்ளை நீங்க நினைக்கிறதைவிட கனமா இருக்கும். படகுல ஏணி இருக்கா? தண்ணியில இருந்து எட்டி இறக்குற மாதிரி இருக்கா?

இருகுட்டி_அம்மா எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. அந்தச் சத்தம் பத்தி வாசிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு நானும் இவரும் கத்திக்கிட்டுத்தான் இருந்தோம். கோபத்துல இல்ல, காற்றுல கேக்கல. அவனுக்கு அது எப்படித் தெரியும்.

ஏணி இருக்கு, ஆனா மேலே மடிச்சுக் கட்டியிருக்கு, தண்ணியில இருந்து எட்டாது. இன்னிக்கே இவர்கிட்ட சொல்லிட்டேன். உயிர்காப்பு ஜாக்கெட் பத்திக் கேக்கணும். போன வருஷம் வாங்கினது. குளிருக்கு உள்ள ரெண்டு மூணு துணி போட்டா மேல மாட்ட முடியல. ஜாக்கெட்டை உள்ளே போட்டுட்டு மேல கோட் போடலாமா?

கரைக்காவல் எழுதியது:

வேண்டவே வேண்டாம்மா. எப்பவும் எல்லாத்துக்கும் மேலதான். முழு உடுப்பையும் போட்டுவிட்டு, அதுக்கு மேல ஜாக்கெட்டை மாட்டி, வாரை மறுபடி சரிபண்ணி இறுக்குங்க. அப்புறம் ரெண்டு தோள் பக்கத்தையும் பிடிச்சுப் பிள்ளையை அப்படியே மேல தூக்குங்க. ஜாக்கெட் காதுக்கு மேல ஏறினா அது சரியான அளவு இல்ல. தொடைக்கு நடுவுல போற வார் கட்டாயம். அது இல்லாத ஜாக்கெட் தண்ணியில மேல மிதக்கும், பிள்ளை கீழ நழுவும். அளவு போதலைன்னா அடுத்த அளவு வாங்குங்க, "அடுத்த வருஷமும் ஆகும்"னு ரெண்டு அளவு பெரிசா மட்டும் வாங்காதீங்க.

ஜாக்கெட்டோட மிதக்க வைக்கிற விசையை நியூட்டன்ல போட்டிருப்பாங்க. ஐந்து வயசுக்காரனுக்கு 50 நியூட்டன்னு போட்டிருக்கிறது போதாது. அது நீந்தத் தெரிஞ்சு, பக்கத்துல உதவியும் இருக்கிற ஆளுக்கு. 100க்குக் குறையாம, பின்கழுத்துல காலர் வச்சது, முகத்தை மேல் பக்கம் திருப்பிவிடுறது வேணும். தானா காற்றடைச்சு விரியிற வகை இந்த வயசுக்கு வேண்டாம், நுரை வச்சது போதும்.

இதை எப்போ மாட்டணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. படகுல ஏறினதும் இல்ல, படகுத்துறையோட முதல் பலகையில கால் வைக்கிறதுக்கு முன்னாடி. பிள்ளைங்க தண்ணியில விழுந்ததுல நான் ஓடிப் போய் எடுத்தது பாதிக்கு மேல படகுத்துறையிலதான். குளிர்காலத்துல பனி விழுந்த பலகை சோப்பு மாதிரி வழுக்கும்.

கம்பளிநூல் எழுதியது:

உடுப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டைத் தின்னும். ஜீன்ஸ் அதைவிட மோசம். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதற்குமேல் தடித்த ஃப்ளீஸ், அதற்குமேல் காற்றும் தண்ணீரும் புகாத மேலுடுப்பு. தனியாகச் சின்னப் படகில் போகிற பிள்ளைக்கு வெட்சூட், அதாவது நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கிற இறுக்கமான ரப்பர் உடுப்பு.

பெரியவர்கள் ஓயாமல் கயிறு இழுத்துக்கொண்டு சூடாக இருப்போம். சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது கிடையாது. நமக்கு இதமாக இருக்கிறதே என்பதை வைத்து அவர்களுக்கும் இதம் என்று எண்ணிவிடக் கூடாது. வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் அதுவே கரைக்குத் திரும்ப வேண்டிய அடையாளம். நான் இன்னொன்றும் செய்வேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றச் சொல்லிக் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்வேன். தடுமாறினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வானம்பார்த்தவர் எழுதியது:

இழையின் தலைப்பில் ஒரு திருத்தம் வேண்டும் என்று தோன்றுகிறது. குளிர்காலம் எல்லா ஊர்க் கடலிலும் அமைதியான காலம் இல்லை. வட அட்லாண்டிக்கில் புயல் மிகுந்த காலமே அதுதான். ஏன் சில இடங்களில் மட்டும் அடங்குகிறது என்று தெரிந்தால் உங்கள் தண்ணீர் எந்த வகை என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பல கரைகளில் மதியக் காற்று என்பது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். வெயிலில் நிலம் சுடும், அதன்மேல் காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். கோடையில் வித்தியாசம் அதிகம், காற்றும் அதிகம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு கோடையில் கொதிக்கும்போது கோல்டன் கேட் இடுக்கின் வழியாகக் கடல்காற்று பீறிட்டு உள்ளே வரும். மதியத்தில் 20 கடல் மைலைத் தாண்டுவது அங்கே அன்றாடம். குளிர்காலத்தில் மழைப் புயல்களுக்கு இடைப்பட்ட நாட்களில் அதே விரிகுடா தூங்குகிற மாதிரி இருக்கும். உங்கள் இடமும் இந்த வகை என்றால் உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் "இடைப்பட்ட நாட்கள்" என்பதைக் கவனியுங்கள். குளிர்கால அமைதி இரண்டு புயலுக்கு நடுவே கிடைக்கிற ஒன்றிரண்டு நாள். அதனால் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது, மேற்கொண்டு மாறப்போகிறது என்று முன்னறிவிப்பு சொன்னால், அந்த நேரத்தில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பிள்ளைகளோடு போக மாட்டேன். புயல் போன மறுநாளும் வேண்டாம். காற்று நின்றிருக்கும், ஆனால் பழைய அலை இன்னும் உருண்டுகொண்டிருக்கும். பாயில் காற்று இல்லாமல் அந்த அலையில் படகு இப்படியும் அப்படியும் ஆடுவதைப் போலக் குமட்டல் தருவது வேறெதுவும் இல்லை. நல்ல காற்றில் சாய்ந்து ஓடுகிற படகு இதைவிட வயிற்றுக்கு இதம். அமைதி என்றால் காற்றும் அலையும் இரண்டும் அடங்கியிருக்க வேண்டும். ஏரி, கழிமுகம், துறைமுகச் சுவருக்கு உள்ளே என்று மறைவான தண்ணீரைத் தேடுங்கள்.

கடலின் சூடு நாட்காட்டிக்குப் பின்தங்கித்தான் வரும். மண் ஒரே வாரத்தில் குளிரும், கடலுக்கு மாதங்கள் ஆகும். கடல் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது குளிர்காலத்தின் நட்டநடுவில் இல்லை, அது முடிந்து வெயில் இதமாகத் தொடங்குகிற நேரத்தில். வெளியே இளவேனில், உள்ளே வருடத்திலேயே மிகக் குளிர்ந்த தண்ணீர். கரைக்காவல் ஐயா சொன்ன உடுப்பு விஷயத்தில் ஏமாறுவது அந்த வாரங்களில்தான். குளிர்காலத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், தண்ணீரில் கோடையின் மிச்சம் கொஞ்சம் இருக்கும்.

சில்லறை விஷயங்கள். காற்று அசையாத குளிர்காலையில் மூடுபனி இறங்கும், அது கலைந்த பிறகு கிளம்புங்கள். பொழுது சீக்கிரம் சாயும், சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கரையில் இருக்க வேண்டும். காற்று முழுதாக நின்றுவிட்டால் நீரோட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும், துடுப்பை மறக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு: குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். 5 டிகிரியில் வீசும் காற்று 30 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 9 விழுக்காடு கனம். முன்னறிவிப்பில் அதே எண் இருந்தாலும் பாயில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

முகத்தில்காற்று எழுதியது:

எல்லாரும் மன்னிக்கணும், எனக்கு இதுல மாற்றுக் கருத்து இருக்கு. என் அப்பா என்னை ஆறு வயசுல நல்ல காற்றுலதான் ஏத்தினார். படகு சாய்ஞ்சு, தண்ணி மேல தெறிச்சு, அதுலதான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சுது. காற்றே இல்லாத நாள்ல கூட்டிட்டுப் போனா பிள்ளைக்கு அலுத்துப் போயிடும். அம்மா, உங்க மகள் சொன்னதையே பாருங்க, "சும்மா உக்காந்திருந்தேன்". இப்படி நிழல்லயே வளர்த்தா அப்புறம் உண்மையான காற்று வரும்போது கை நடுங்கும். பிள்ளைங்க நாம நினைக்கிறதைவிடத் தைரியசாலிங்க.

திரும்பி_வந்தவள் எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அப்பாவும் என்னை ஏழு வயதில் நல்ல காற்றில்தான் ஏற்றினார். உங்களுக்குப் பிடித்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து 23 வருடம் நான் எந்தப் படகிலும் கால் வைக்கவில்லை.

அப்பா நல்லவர், அன்பானவர். அன்றைக்கு "பயப்படாதே, பயப்படாதே" என்று எத்தனை முறை சொன்னார் என்று எண்ண முடியாது. படகு ஏன் சாய்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் தண்ணீர்ப் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விளிம்பை எட்டி எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு சாண் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். ஒரு மணி நேரம் முழுக்க, அடுத்த நொடி செத்துவிடுவோம் என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை.

முப்பது வயதில் ஒரு தோழி வலுக்கட்டாயமாக அழைத்துப் போனாள். கரையில் தூக்கி நிறுத்தியிருந்த ஒரு படகின் அடியைக் காட்டினாள். அடியில் கனத்த இரும்புத் துடுப்பு மாதிரி கீல் தொங்கிக்கொண்டிருந்தது. "மேலே எவ்வளவு சாய்கிறதோ கீழே இந்தக் கனம் அவ்வளவு இழுத்து நிமிர்த்தும்" என்றாள். நான் அங்கேயே நின்று அழுதேன். என் ஏழு வயதில் இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருக்கலாம்.

இருகுட்டி_அம்மா, உங்கள் மகனைப் படகில் ஏற்றும் முன் எங்காவது கரையேற்றிய படகின் அடியைக் காட்டுங்கள். கையால் தட்டிப் பார்க்கட்டும்.

முகத்தில்காற்று எழுதியது:

தோழி, நீங்க எழுதினதை மூணு தடவை வாசிச்சேன். என் தங்கச்சியும் அதே படகுல அன்னிக்கு இருந்தா. அவ இன்னிக்கு வரைக்கும் வர்றதில்ல. அதை நான் இப்பத்தான் சேர்த்துப் பார்க்கிறேன். அலுப்பு பத்தி நான் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கல, மத்ததை வாங்கிக்கிறேன்.

நீலப்பாய் எழுதியது:

அலுப்பு பற்றிய கவலை நியாயமானது, அதைத் தள்ளிவிடக் கூடாது. காற்றில்லாத படகில் வேலையில்லாத பிள்ளைக்கு இருபது நிமிடம் இரண்டு மணி நேரம் மாதிரி இருக்கும். வழி, வேலை கொடுப்பது. பாவனை வேலையாக இருந்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும், உண்மையான வேலையாக இருக்க வேண்டும்.

எட்டு வயதுப் பெண்ணிடம் சுக்கானைக் கொடுங்கள். சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளினால் படகின் முன்பக்கம் இடப்பக்கம் திரும்பும் என்பதை வாயால் விளக்க வேண்டாம். பெரியவர்களை மணிக்கணக்கில் குழப்புகிற இந்த விஷயம் பிள்ளைகளின் கைக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிடும். தூரத்தில் ஒரு மிதவையைக் காட்டி "அதைத் தொடு" என்று சொன்னால் போதும். வளைந்து வளைந்து போவாள். திருத்தாதீர்கள். நேராகும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் உண்மையான வேலைதான். பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஒரு சாண் கம்பளி நூலைக் கட்டிவிடுங்கள். மெல்லிய காற்றில் அது மட்டும்தான் உண்மை சொல்லும். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காதிலும் ஒரே அளவு சத்தம் கேட்கும்வரை முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். மூக்கு காட்டும் திசைதான் காற்று வரும் திசை. ஐந்து வயதுக்காரன் இதில் உங்களைத் தோற்கடிப்பான்.

காற்று மிகவும் குறைந்தால் எல்லோரையும் பாய் இருக்கும் பக்கமே உட்கார வையுங்கள். படகு இலேசாகச் சாயும், பாய் தன் கனத்தாலேயே வடிவம் எடுத்துக்கொள்ளும், படகு நகரும். நாமே உட்கார்ந்து சாய வைத்த சாய்வு என்று மகன் அறிவான். சாய்வோடு அவன் சமாதானம் ஆக இதைவிட மெதுவான வழி எனக்குத் தெரியாது. எழுந்து மறுபக்கம் வந்தால் நிமிரும். அவனே செய்து பார்க்கட்டும்.

பூம் என்கிற அந்த அடிக்கட்டை தலைக்கு மேலே கடக்கும் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையைக் குனியச் சொல்லுங்கள். மெல்லிய காற்றிலும் அது மரக்கட்டைதான்.

அவன் போதும் என்று சொல்வதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். முதல் நாள் 25 நிமிடம் போதும்.

இருகுட்டி_அம்மா எழுதியது:

பக்கத்துப் படகுக்காரர் தன் பேரன் ஓட்டின ஆப்டிமிஸ்ட்ங்கிற சின்னப் பாய்ப்படகு ஒண்ணு சும்மா கிடக்கு, மகளுக்கு எடுத்துக்கோங்கன்னு சொல்றார். எட்டு வயசுக்குத் தனியா விடலாமா?

நீலப்பாய் எழுதியது:

எட்டு வயது அதற்குச் சரியான வயது. 1947இல் அமெரிக்காவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் என்கிற படகுக் கட்டுநர் பிள்ளைகளுக்கென்றே வரைந்த படகு அது. நீளம் 2.3 மீட்டர் சொச்சம், வெறும் உடல் 35 கிலோ, பாய் ஒன்றே ஒன்று, சுமார் 3.3 சதுர மீட்டர். மூக்கை வெட்டிவிட்ட தொட்டி மாதிரி இருக்கும், அதனால்தான் அவ்வளவு நிலையாக நிற்கிறது. 15 வயது வரை அதில் போட்டி ஓட்டுகிறார்கள்.

ஆனால் ஆப்டிமிஸ்டில் கனத்த கீல் கிடையாது. கவிழும். உங்கள் பெரிய படகுக்குச் சொன்ன சமாதானத்தை இதற்கும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை நம்பி ஏமாந்துவிடும். கவிழும், நிமிர்த்தலாம் என்று சொல்லுங்கள். நடுவில் செருகும் பலகையின் மேல் ஏறி நின்று விளிம்பைப் பிடித்து இழுத்தால் நிமிரும், பிறகு தண்ணீரை இறைக்க வேண்டும். இதைக் குளிர்ந்த தண்ணீரில் பழக்காதீர்கள். வெந்நீர் நீச்சல் குளத்தில் அனுமதி கேட்டு அங்கே நான்கு தடவை கவிழ்த்து விளையாடவிடுங்கள். உள்ளே இருக்கும் மூன்று காற்றுப் பைகளும் ஒரு இரவு முழுக்க இறங்காமல் நிற்கின்றனவா என்று பாருங்கள், சும்மா கிடந்த படகு என்றீர்கள்.

காற்றுக்கு என் அளவு: தண்ணீரில் சின்னச் சுருக்கங்கள் இருக்கலாம். வெள்ளை நுரை ஒன்று கண்ணில் பட்டாலும் முதல் மாதத்தில் போக வேண்டாம். காற்றின் வலுவைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 2, அதாவது 4 முதல் 6 கடல் மைல். முதல் இரண்டு நாள் நீளமான கயிறு ஒன்றைப் படகில் கட்டி மறுமுனையைப் படகுத்துறையில் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு படகு இல்லாமல் விடக் கூடாது.

இருகுட்டி_அம்மா எழுதியது:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், தாமதத்துக்கு மன்னிக்கணும்.

முதல் நாள் படகை அவிழ்க்கவே இல்ல. அதுக்கு முன்னாடி கரையில ஏத்தி வச்சிருந்த படகுகளைச் சுத்திக் காட்டினோம். மகன் ஒரு கீலைத் தட்டிப் பார்த்தான், அப்புறம் ரெண்டு கையாலயும் தள்ளிப் பார்த்தான். "இது அசையலயே"ன்னு சொன்னான். எங்க படகுலயும் இது இருக்கான்னு கேட்டான். இருக்குன்னு சொன்னதும் கட்டிக் கிடந்த படகுல தானா ஏறி, அறைக்குள்ள போய் அரை மணி நேரம் விளையாடினான். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துட்டோம்.

ரெண்டாம் தடவை வெளிய போனோம். காற்று 5 இருக்கும். கயிற்றை அவன் கையில கொடுத்தேன். விரல் வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடிச்சிருந்தான். இவர் "விடு"ன்னார். விடல. நான் என் கையை அவன் கை மேல வச்சு, விரலை ஒண்ணு ஒண்ணா நீவி விட்டேன். பாய் பொத்துனு தளர்ந்துச்சு. படகு நின்னுச்சு. தண்ணி சலசலக்கிற சத்தம்கூட நின்னுடுச்சு. அவன் என்னைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், "நானா நிறுத்தினேன்?"னு கேட்டான். அதுக்கப்புறம் பதினோரு தடவை நிறுத்தினான். எண்ணினது மகள்.

நாங்க அன்னிக்கு ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தல. முன்னாடியே பேசி வச்சிருந்தோம்.

ஒரு தப்பும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். திரும்பி இறங்கும்போது மகள் பலகையில வழுக்கி, ஒரு கால் தொடை வரைக்கும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. தோள்பட்டையில ஜாக்கெட்டைப் பிடிச்சு இவர் தூக்கிட்டார். ஆனா மாற்றுத் துணி நான் மகனுக்கு மட்டும்தான் எடுத்து வச்சிருந்தேன், "அவ பெரியவ, அவளுக்கு என்ன"ன்னு. ரெண்டு நிமிஷத்துல பல்லு கிட்டிப்போய் நடுங்கினா. இவரோட ஸ்வெட்டர் கைக்குள்ள காலை விட்டு, அதையே கால்சட்டை மாதிரி கட்டி வண்டிக்குக் கொண்டு போனோம். ஒரு காலு மட்டும் நனைஞ்சதுக்கே இப்படின்னா முழுசா விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கரைக்காவல் அண்ணா எழுதினதை மறுபடி எடுத்து வாசிச்சேன்.

அவ அசரல. குளத்துல கவிழ்த்துப் பழகுறது வர்ற சனிக்கிழமை, ஆள் இல்லாத நேரத்துல அரை மணி நேரம் அனுமதி கொடுத்திருக்காங்க. காற்றுப் பை மூணுல ஒண்ணு ராத்திரியே சப்பையாயிடுச்சு, புதுசு சொல்லியிருக்கோம்.

மகன் அந்தக் கம்பளி நூல்ல ஒரு துண்டு கேட்டு வாங்கி, துணி காயப்போடுற கொடியில கட்டியிருக்கான். தினமும் எழுந்ததும் போய்ப் பார்க்கிறான். நேத்து நூல் படுக்கையா நீட்டிக்கிட்டு துடிச்சுச்சு. "இன்னிக்கு வேணாம்மா, இது எனக்கு ஜாஸ்தி"ன்னு சொல்லிட்டுப் பல்லு தேய்க்கப் போயிட்டான்.

கரைக்காவல் எழுதியது:

மகள் நல்லா இருக்காளே, அது போதும்மா. மாற்றுத் துணிப் பை ஆளுக்கு ஒண்ணு வையுங்க, உங்களுக்கும் கணவருக்கும் சேர்த்து நாலு. பிள்ளை விழுந்தா நீங்கதான் முதல்ல குதிப்பீங்க. ஏணியை மாத்தியாச்சான்னு எழுதவே இல்லயே?

இருகுட்டி_அம்மா எழுதியது:

மாத்தியாச்சு அண்ணா. இப்போ அடிப்படி தண்ணிக்குள்ள ரெண்டு அடி இறங்குது. இறக்குற கயிறு வெளிப்பக்கம் தொங்குது, தண்ணியில இருந்தே மகள் எட்டி இழுத்துப் பார்த்துட்டா. குளத்துக்குப் போயிட்டு வந்து எழுதுறேன்.